நகராத புள்ளி

ஜனவரி 9

அண்ணா,

நீ ஃபோனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது, பதில் வருவதில்லை. மலைமேல் சிக்னல் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். எங்கோ கிடக்கும் நட்சத்திரத்தின் வெளிச்சத்தையெல்லாம் வலைபோட்டுப் பிடிக்கிறாய், என் குரல் மட்டும் அங்கே வந்து சேரவில்லையாக்கும். சரி, தபால்காரர் மலை ஏறுவார் அல்லவா. அதனால்தான் இந்தக் கடிதம். உள்ளே அழைப்பிதழ் இருக்கிறது, பார்.

ஆமாம், என் காட்சிதான். இத்தனை வருடமாக இந்தக் கோளரங்கத்தில் யாரோ எழுதியதை நான் இருட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை எழுத்தும் என்னுடையது. பிப்ரவரி முதல் சனிக்கிழமை திறப்பு. தலைப்பு, 'ஓர் உலகம் பிறக்கிறது.'

தொடக்கத்தில் குவிமாடம் முழுக்க இருட்டு. ஒரு பெரிய மேகம் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. குழந்தைகள் தூங்கிவிடுவார்கள் என்றார் இயக்குநர். தூங்கட்டும் சார், நட்சத்திரமும் அவசரப்பட்டா பிறக்குது என்றேன். பிறகு மேகம் தன் எடையாலேயே தனக்குள் சரியத் தொடங்கும். வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை. அதற்கு இருக்கிற கனமே அதை உள்ளே இழுக்கிறது. நடுவில் சூடேறி நட்சத்திரம் பற்றிக்கொள்ளும். உள்ளே விழாமல் சுற்றிக்கொண்டிருப்பது தட்டாகப் பரவும். தட்டில் தூசு, தூசிலிருந்து கல், கல்லிலிருந்து மலை. மலையளவு ஆனதும் அதுவே மற்றவற்றை இழுக்க ஆரம்பிக்கும். அப்போது தட்டில் ஒரு கரிய வளையம் விழும். வளையத்துக்குள் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. உன் புள்ளி, நீ கண்டுபிடித்த கோள். அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். ஒத்திகையில் டிக்கெட் கவுண்டர் அக்கா அழுதுவிட்டார்.

பள்ளிக்கூடங்களில் பெயர்ப் போட்டி வைத்தோம். உன் கோளுக்கு 'மொட்டு' என்று பெயர் வந்திருக்கிறது. பிடித்திருக்கிறதா?

இன்னும் உறுதியாகட்டுமே என்று இயக்குநர் இழுத்துக்கொண்டே இருந்தார். "எங்கண்ணன் கண்டுபிடிச்சது சார், நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன். முதல் வரிசையில் உனக்கு இடம் போட்டாயிற்று. அம்மா இதற்காகவே புதுக் கண்ணாடி மாற்றிக்கொண்டாள். வராமல் இருந்துவிடாதே.

வாண்டு


ஜனவரி 21

அன்புள்ள வாண்டுவுக்கு,

அழைப்பிதழ் கிடைத்தது. அச்சு நன்றாக வந்திருக்கிறது. மகிழ்ச்சி.

பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் தொலைநோக்கியின் கண்ணாடிக்குப் புதுப் பூச்சு பூசுகிறார்கள். பொறுப்பாளர் என்ற முறையில் நான் இங்கிருந்து நகர முடியாது. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

காட்சியைப் பற்றி ஒன்றிரண்டு யோசனைகள். மேகம் சரிவதும் தட்டு உருவாவதும் நன்கு நிறுவப்பட்ட விஷயங்கள். காட்சியின் கனம் அங்கேயே இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். கடைசியில் வரும் அந்தக் குறிப்பிட்ட கோளுக்கு இவ்வளவு அழுத்தம் தேவையா? பொதுவாக, 'இப்படிப்பட்ட இடைவெளிகளில் கோள்கள் இருக்கலாம்' என்று முடித்தாலும் குழந்தைகளுக்குப் போதுமானது. வைத்தே ஆகவேண்டும் என்றால் 'தற்போதைய கணிப்பின்படி' என்ற சொற்களைச் சேர்த்துக்கொள். அறிவியலில் எதுவும் இறுதியானதல்ல என்பது உனக்கே தெரியும்.

திறப்பை இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போட வழியிருக்கிறதா? அப்போது என்னாலும் வர முடியும். கட்டாயமில்லை. கேட்டுப் பார்.

பத்திரிகைக்காரர்கள் வந்தால் அம்மாவைப் பேசவிடாதே. அவள் ஒன்றைப் பத்தாக்கிவிடுவாள்.

அண்ணன்


பிப்ரவரி 10

அண்ணா,

உன் 'தற்போதைய கணிப்பின்படி'யைச் சேர்த்தேன். காட்சி சப்பென்று ஆகிவிடுகிறது என்று இயக்குநர் அடித்துவிட்டார். தள்ளிப்போடுவது நடக்கிற காரியமில்லை, அழைப்பிதழ் ஊர் முழுக்கப் போயாயிற்று.

திறப்பு நன்றாகவே நடந்தது. ஒரு இருக்கைகூட காலியில்லை. உன் இருக்கையில் அம்மா தன் பையை வைத்திருந்தாள். புள்ளி தோன்றியதும் கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்கு மைக் அறைக்குள்ளேயே கேட்டது.

பிறகு கேள்வி நேரம். ஒரு டியூஷன் சென்டரிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண், மொட்டு நட்சத்திரத்தைச் சுற்றிவர எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாள். உன் கட்டுரையில் இருந்தபடி, சுமார் நூற்றைம்பது வருடம் என்றேன். "அப்ப முதல்ல பார்த்ததுக்கும் இப்பவுக்கும் கொஞ்சம் நகர்ந்திருக்குமே, நகர்ந்துச்சா?" என்றாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கண்டிப்பாக நகர்ந்திருக்கும் என்று சிரித்து மழுப்பினேன். அவர்களைக் கூட்டிவந்த டீச்சர் அப்போது தலையைக் குனிந்துகொண்டதைக் கவனித்தேன்.

எல்லோரும் எழுந்து போகும்போது அந்த டீச்சர் மைக் அறைப் பக்கம் வந்தார். ஒல்லியான உடம்பு, தணிந்த குரல். "அது நகரலைங்க. நகராதது கோளா இருக்க முடியாது. தயவுசெஞ்சு பிள்ளைங்களுக்கு அதைச் சொல்லாதீங்க" என்றார். நீங்கள் யார் என்று கேட்டேன். உன்னிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவராம்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஒரு பெண் தேறவில்லை, பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று போன வருடம் நீ சொன்னாயே, அவர். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "எங்கண்ணன்கிட்ட தேற முடியாம ஓடிவந்துட்டு, இங்க வந்து வயித்தெரிச்சலைக் கொட்டறீங்களா?" என்றேன். மைக் அணைக்கப்படாமல் இருந்தது. குவிமாடம் முழுக்க அது எதிரொலித்தது. அவருடைய பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு விட்டேனா, காவலாளியைக் கூப்பிட்டு வெளியே கொண்டுபோய் விடச் சொன்னேன். அவர் தோள்பையைச் சரிசெய்துகொண்டு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

செய்தது சரிதான் என்று டிக்கெட் கவுண்டர் அக்காகூடச் சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து புள்ளி வருகிற இடத்தை நெருங்கும்போதெல்லாம் வரியைத் தவறவிடுகிறேன். அந்தப் பெண் சொன்னது தப்பு என்று ஒரு வரி எழுதிப்போடு. போதும். நிம்மதியாக அடுத்த காட்சியை நடத்துவேன்.

வாண்டு


பிப்ரவரி 24

அன்புள்ள வாண்டுவுக்கு,

நீ மனவருத்தப்பட வேண்டாம். அந்தச் சூழ்நிலையில் நீ நடந்துகொண்டது இயல்பானதுதான்.

விஷயத்தை விளக்குகிறேன். ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கும் மங்கலான பொருளைப் பார்க்க வேண்டுமானால் முதலில் நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் படத்திலிருந்து கழிக்க வேண்டும். அப்படிக் கழிக்கும்போது சுற்றியுள்ள தூசுத் தட்டின் வெளிச்சமும் அங்கங்கே வெட்டுப்பட்டு, சில சமயம் புள்ளிபோலத் திரண்டு நிற்கும். எங்கள் புள்ளியும் அப்படிப்பட்டதாக இருக்கலாமோ என்று குழுவுக்குள் ஒரு மறுபரிசீலனை நடந்துவருகிறது. இன்னும் முடிவாகவில்லை. தேவைப்பட்டால் முறையாக ஒரு திருத்தம் வெளியிடப்படும். இந்தத் துறையில் பெரிய பெரிய குழுக்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. இதில் அவமானம் ஒன்றுமில்லை.

அந்த மாணவி தன் சொந்தக் காரணங்களுக்காகப் போனாள். எதற்கெடுத்தாலும் "ஒரு சந்தேகம் சார்" என்றுதான் ஆரம்பிப்பாள். குழுவில் எல்லோரும் அவளைச் 'சந்தேகம்' என்றே கூப்பிடுவோம். விளையாட்டாகத்தான்.

காட்சியின் கடைசிப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடு. 'இருக்கிறது' என்பதை 'இருக்கலாம்' என்று ஆக்கினால் போதும். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

ஒரு வரி கேட்டேன். ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

உன் கடிதம் வந்த மறுநாள் அந்த டியூஷன் சென்டரைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. பாடத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு வாக்கியங்களைக் கடகடவென்று ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டார். "பிள்ளைங்க முன்னாடிதானே திட்டினீங்க. அவங்க முன்னாடியே சொல்லிடுங்க" என்றார். கோபமே இல்லை குரலில்.

போய்க் கரும்பலகை பக்கத்தில் நின்றேன். எத்தனையோ ஆயிரம் பேருக்கு முன்னால் பேசியிருக்கிறேன் அண்ணா, எல்லாம் இருட்டில். வெளிச்சத்தில் நின்று பேசியதே இல்லை. உங்கள் டீச்சர் சொன்னது சரி, நான்தான் விவரம் தெரியாமல் அசிங்கமாகப் பேசிவிட்டேன் என்றேன். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடம், அன்றைக்கு நான் சொன்ன பதில் தெரிந்து சொன்னதில்லை என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் நோட்டில் எதையோ அடித்தாள்.

பிறகு அவர் எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். நான் கேட்கக் கேட்கச் சொன்னார். மூன்று வருடம் கழித்து நீங்கள் இரண்டாவது முறை அதே நட்சத்திரத்தைப் படம் எடுத்தீர்களாம். புள்ளி இம்மிகூட நகராமல் அதே இடத்தில் இருந்ததாம். அது ஏன் பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். "நட்சத்திரம் எல்லாத்தையும் தன்கிட்ட இழுத்துக்கிட்டே இருக்குங்க. கோளும் விழுந்துக்கிட்டேதான் இருக்கும். பக்கவாட்டுல ஓடிக்கிட்டே விழறதால சுத்தி வருது, அவ்வளவுதான். ஓடலைன்னா நேரா உள்ள போய் விழணும். ரெண்டும் இல்லாம சும்மா நிக்கறது எதுவும் அங்க இருக்க முடியாது." இதைத்தான் உன் குழுக் கூட்டத்தில் மறுபடி மறுபடி சொன்னாராம். "சந்தேகம் வந்தாச்சு" என்று எல்லோரும் சிரித்தார்களாம். நீயும் சிரித்தாயாம்.

அன்று வானிலை சரியில்லை என்று காரணம் சொல்லி அந்த இரண்டாவது படத்தையே நீ கட்டுரையில் சேர்க்கவில்லையாம். அதற்கும் அவர் கேள்வி கேட்டபோது, "உனக்கு ஆராய்ச்சி வராது, வேற வேலை பாரு" என்றாயாம். வேறு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தாராம். அவர்கள் உன்னிடம் விசாரித்தபோது, குழுவோடு ஒத்துப்போக மாட்டாள் என்றாயாம்.

இதையெல்லாம் பாடம் நடத்துவது போலச் சொன்னார். அழுதிருந்தால், உன்னைத் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

நீ அவரை ஒரு கட்டடத்திலிருந்து வெளியே அனுப்பினாய். நான் இன்னொன்றிலிருந்து அனுப்பினேன். நீ தெரிந்தே செய்தாய். நான் உன்னை நம்பிச் செய்தேன்.

அன்றைக்கு வானிலை நிஜமாகவே சரியில்லையா? வேறு எதுவும் எழுதாதே. இதற்கு மட்டும் பதில் சொல்.

உன் தங்கை


மார்ச் 23

வானிலை நன்றாகத்தான் இருந்தது. துடைத்துவிட்ட மாதிரி வானம்.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். அதை மட்டும் மீறுகிறேன், பொறுத்துக்கொள்.

முதல் படத்தை வைத்து அறிவிப்பு வெளியாகி, பேட்டிகள் எல்லாம் கொடுத்த பிறகு வந்தது இரண்டாவது படம். விரிவான கட்டுரை அப்போது பாதி எழுதியிருந்தது. படத்தைத் திறந்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். புள்ளிமேல் புள்ளி கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தவே கூடாது. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, வாண்டு. சந்தேகம்கூட வரவில்லை. நேராகத் தெரிந்தே விட்டது. பக்கத்தில் இருந்தவர்களைத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அவர்கள் திரும்பி வருவதற்குள் அந்தப் படத்தை 'தரமற்றவை' என்ற பகுதிக்கு மாற்றிவிட்டேன். பொய் சொல்வதாகவே தோன்றவில்லை. ஒரு படத்தை ஒதுக்கி வைத்தேன், அவ்வளவுதான் என்றுதான் இருந்தது.

என்னைவிடச் சின்னவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கண்டுபிடிப்போடு நிற்கிறார்கள். நான் இவ்வளவு வருடமாக அடுத்தவர் கருவிகளைச் சீர்செய்துகொண்டிருந்தவன். ஊரே திரும்பிப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இது காரணம்தான். நியாயமாகாது என்று எனக்கும் தெரியும்.

கடந்த ஒரு வருடமாக உணவுக்கூடத்தில் நான் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன். யாராவது "சார், உங்க கோள்" என்று பேச்சை எடுத்தால் காது மடல் சூடாகிவிடும். உன் அழைப்பு வரும்போதெல்லாம் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணாடிக்குப் பூச்சு பூசியது உண்மை. ஆனால் அதற்கு நான் தேவைப்படவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் நிறுவனத் தலைவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, படத்தைச் செம்மைப்படுத்தியதில் நேர்ந்த பிழை என்று போட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம், இரண்டாவது படத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே வேண்டாம் என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. சரி என்றுதான் சொன்னேன். காரில் ஏறிச் சாவியைப் போட்டேன், திருப்ப முடியவில்லை. அவள் 'சார்' என்று கூப்பிடுவதும் நாங்கள் சிரிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது. இறங்கித் திரும்ப உள்ளே போனேன்.

திரும்பப் பெறும் அறிவிப்பில் இப்போது எழுதியிருப்பது இதுதான்: இரண்டாவது படத்தை வேண்டுமென்றே விட்டது நான். அது கோளாக இருக்க முடியாது என்பதை முதலில் எடுத்துச் சொன்னது என் மாணவி. அவள் பெயரைப் போட அவளுடைய அனுமதி வேண்டும். நேரில் கேட்க எனக்கு முகமில்லை. நீ கேட்பாயா? அவள் விண்ணப்பித்த இரண்டு இடங்களுக்கும் நான் முன்பு சொன்னது பொய் என்று எழுதிவிட்டேன். எப்படியும் தாமதம்தான்.

குழுத் தலைமையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்னவோ, என் வாயால் சொல்ல முடியவில்லை. நிதானமாகப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "பேரைப் போடட்டும். முழுப் பேரா, இனிஷியலோட. ஆனா அவர்கிட்ட திரும்ப வேலைக்கு வருவேன்னு நினைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க." அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீ எழுதிய இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. போவதா வேண்டாமா என்று யோசிக்கிறார்.

இங்கே என் கதையைக் கேள். விஷயம் வெளியானதும் இயக்குநர் காட்சியை நிறுத்திவிட்டார். என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். 'நான் பொறுப்பு' என்று சொன்ன ஆளல்லவா. பழையபடி நிலா பற்றிய காட்சியை வாசிக்கப் போட்டார்கள். முன்பெல்லாம் வராந்தாவில் நான் போனால் நின்று பேசுவார்கள். இப்போது திடீரென்று எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது.

மொட்டுக்குப் பெயர் வைத்த பள்ளிக்கு நானே போனேன். மொட்டு செத்துப்போச்சா என்று கேட்டது ஒரு குழந்தை. இல்லை, அது இருக்கவே இல்லை என்றேன். "அப்ப நாங்க எதுக்குப் பேர் வெச்சோம்?" என்றது. எங்கள் தப்புக்கு என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

பிறகு இயக்குநரிடம் காட்சியைத் திருத்தி எழுத அனுமதி கேட்டேன். இந்தத் தடவை யார் பொறுப்பு என்றார். யாரும் இல்லை சார், தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். தெரிந்தவர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டீச்சர் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், பாவம் பார்க்கவே இல்லை. 'ஈர்ப்பு விசை தூசைத் திரட்டிக் கல்லாக்குகிறது' என்று எழுதியிருந்தேன். "அழகா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. தூசுக்கு ஏதுங்க ஈர்ப்பு? அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, அவ்வளவுதான்" என்று அடித்தார். கூழாங்கல் அளவுக்கு வந்த பிறகுதான் கஷ்டமாம். சுற்றியிருக்கும் வாயு எதிர்க்காற்றுபோல வேகத்தைக் குறைக்கக் குறைக்க, முக்கால்வாசி நட்சத்திரத்துக்குள்ளேயே போய் விழுந்துவிடுமாம். எங்காவது நிறையக் கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு சேர்ந்தால்தான் அந்தக் கூட்டத்தின் மொத்த எடை அதைச் சுருக்கிப் பெரிய உருண்டையாக்குமாம். அது எங்கே, எப்போது, எப்படி என்பதில் இன்னும் சண்டை தீரவில்லையாம். 'தீரவில்லை' என்பதையும் காட்சியில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

மே முதல் ஞாயிறு காலை புதுக் காட்சி. அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நம் குடியிருப்புக் கட்டடத்தில் புதிதாகக் குடிவருகிறவர்களிடமெல்லாம் உன் கோளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேன். அதை நீ வந்து சொல்.

உன் தங்கை


மே 9

வாண்டு,

மலைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஊரில் இருந்தவரை நீயும் நானும் காபி, தண்ணீர், சாவி என்பதைத் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நடந்ததை அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை சாப்பிடும்போதே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டு பரிமாறினாள். வாயைத் திறந்தேன், இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்றாள், ஆமாம் என்றேன். அப்படியே கோளரங்கத்துக்கு வந்துவிட்டோம்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கரிய வளையம் வந்தது, புள்ளி வந்தது. 'இதைக் கோள் என்று சொன்னோம். நாங்கள் சொன்னது தவறு. அது நகரவில்லை என்று எடுத்துச் சொன்னவரை வெளியே அனுப்பினோம்' என்றது உன் குரல். 'அவர்கள்' என்று சொல்லியிருக்கலாம். 'நாங்கள்' என்றாய். இருட்டாக இருந்தது நல்லதாயிற்று.

முடிந்ததும் வெளிப்படியில் அம்மாவைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு படி கீழே என் மாணவி நின்றிருந்தாள், பிள்ளைகளைக் கணக்கெடுத்துக்கொண்டு. என்னைப் பார்த்துவிட்டாள். நகரவில்லை. அப்போது அம்மா சொன்னாள். "யாரோ ஒருத்தன் இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டானாமே. ஒரு பொண்ணை வேற துரத்திவிட்டானாம். அவன் அம்மா எப்படிடா வெளிய தலைகாட்டுவா?"

வாண்டு, அம்மாவுக்குப் புரியவில்லை. காட்சியில் என் பெயரும் மொட்டு என்ற பெயரும் வராததால் அந்த யாரோ வேறு எவனோ என்று நினைத்திருக்கிறாள். என் மாணவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தையில் அவளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா அவன்" என்றேன்.

அம்மா என் கையை விட்டுவிட்டாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கீழிருந்து, "நான்தாங்க" என்று குரல் வந்தது. அம்மா தானாகவே இரண்டு படியும் இறங்கிப் போய் அவள் எதிரே நின்றாள். மன்னிப்பு என்று எதுவும் பேசவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவ்வளவுதான். அவள்தான் கடைசியில், "பார்த்துப் போங்கம்மா, வெயில் ஏறுது" என்றாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். வணக்கமா, போதும் என்பதா, எனக்குத் தெரியவில்லை. நானும் தலையசைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்துக்கொண்டிருந்தவளின் பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டேன். "சரி சார்" என்றாள். அதற்குமேல் எதிர்பார்க்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை, உனக்கே தெரியும். மறுநாள் நீ வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நான் இந்தக் கட்டடம் பூரா பெருமை பேசி வெச்சிருக்கேன். வா. நீயே வந்து சொல்லு" என்றாள்.

தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்தோம். அவள் மணியை அடிப்பாள், பக்கத்தில் நிற்பாள், நான் சொல்வேன். ஒரு வீட்டில் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே கேட்டார்கள். ஒரு வீட்டில், இதுக்கா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க என்று சிரித்தார்கள். தையல்காரர் வீட்டில் மட்டும் அவர் மனைவி, "அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா ஒவ்வொரு கதவுக்கும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு எவ்வளவு கூசியது என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசி மாடியில், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறாரே, அவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு, அந்த வளையம் இருப்பதாவது நிஜமா என்றார். வளையம் நிஜம் என்றேன். அப்ப அதை எது உண்டாக்கிச்சு என்றார். கோளின் ஈர்ப்பாக இருக்கலாம், வாயு அழுத்தமாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், தெரியவில்லை என்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் தடுக்காமல் வந்தது.

"சரி, தெரிஞ்சா வந்து சொல்லுங்க" என்றார் அவர்.

"தெரியாட்டியும் வந்து சொல்லுவான்" என்றாள் அம்மா.

அண்ணன்